சிவப்புப் பெட்டிக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 24, வியாழன்

நலமாக இருக்கிறீர்களா? வீட்டில் எல்லாரும் சுகமா? உங்கள் பக்கம் மழை இறங்கியதா? சாப்பிடவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எதிரே ஒரு ஆள் இருந்து 'உம்' கொட்டினால்தான் எனக்கு வாய் வரும். அதனால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பெயர் சங்கிலி. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் காவல் வேலை. மூன்றாம் மாடி, பட்டுச்சேலைத் தளம், படிக்கட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் ஓட்டுப் போடத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தேன். கடையில் போன வருஷம் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டதால் டீ குடிக்கிற நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், கதை சொல்ல ஆளும் கிடைப்பதில்லை. எழுதியாவது வைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் இல்லை என்று சொன்னது முழுப் பொய். ஆவுடையம்மாள் இருக்கிறாள். எங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கிறவள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, இடம் பார்த்து 'உம்' என்பாள். அந்த மாதிரி உம் கொட்டுகிற ஆள் கிடைப்பது கஷ்டம். சிலர் கதை முடிவதற்குள் மூன்று உம்மைச் சேர்த்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

இந்த வேலைக்கு முன்னால் கயத்தாறு பஸ் நிறுத்தத்தில் கோலி சோடா விற்றேன். சோடா உடைக்க எல்லாரும் மரக்கட்டை வைத்திருப்பார்கள். நான் வைத்துக்கொண்டதே இல்லை. பெருவிரலைக் கழுத்தில் வைத்து ஒரே அமுக்கு, கோலி உள்ளே விழுந்து கீச்சென்று கத்தும். பஸ் ஜன்னலில் இருந்து குழந்தைகள் எல்லாம் எட்டிப் பார்க்கும். ஒரு தடவை ஒரு டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். அந்த விரல் இன்றைக்கும் மற்றதைவிட அகலம்தான்.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆங், நாளைக்கு ஆயுத பூசை. லிப்டு, பில் மிஷின், தையல் மிஷின், கஜக்கோல், ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாடி என் பொறுப்பு.

புரட்டாசி 25, வெள்ளி

இன்றைக்குக் கடையில் ஒரு களேபரம். நாளைக்கு எழுதுகிறேன். சோப்புப் போட்டும் விரலில் குங்குமம் போக மாட்டேன் என்கிறது.

புரட்டாசி 26, சனி

தட்டு ஆவுடையம்மாள் கையில் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் செத்து சில வருஷம் ஆகிறது. நான் சந்தனத் தட்டை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே, நான் தொடலாமா? ஆராச்சும் பாத்தா மூஞ்சியத் தூக்குவாக."

"எந்தக் காலத்துல இருக்க ஆவுடை? குங்குமத்தத் தொடமாட்டன்னா தொடாத. தட்டப் பிடிச்சா எந்தச் சாமி கண்ணக் குத்தும்? பிடி."

பிடித்தாள். நான் எவ்வளவு பரந்த மனசுக்காரன் என்று எனக்கே ஒரு சந்தோஷம் வந்தது. இதை என் சம்சாரம் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தளத்தைச் சுற்றி வந்தோம். லிப்டுக் கதவு, பில் மிஷின், கண்ணாடி அலமாரி. சேலை கட்டி நிற்கிற பொம்மைகளுக்கும் வைத்தோம். ஒரு பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தது. "இவளுக்கு மூக்குத்தி போட வழியில்ல, பொட்டாவது பெருசா வைங்க" என்றாள். கடைக்குள் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. மானூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வந்து, முகூர்த்தப் புடவை பார்க்கப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் படிக்கட்டு வாசல். என் ஸ்டூலுக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. உள்ளங்கை அகலம். நடுவில் வெள்ளைத் தகடு, அதில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குத் தமிழே கூட்டித்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த நாளில் "தீப்பிடிச்சா அமுக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். தீ பிடிக்கவில்லை, அதனால் மறந்துபோனது. சட்டையை மாட்டுகிற ஆணி மாதிரி அதுவும் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்குமா அண்ணே? என்னமோ எழுதிருக்கே."

"முதலாளி ஒண்ணையும் விடக்கூடாதுன்னுட்டாக."

அந்தத் தகடு வழவழப்பு. சந்தனம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. வழுக்கினால் கொஞ்சம் அழுத்தித்தானே வைக்க வேண்டும். அழுத்தி வைக்கப்பட்டது.

தகடு உள்ளே போனது. மேலே மஞ்சளாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அடுத்த மூச்சில் கட்டடம் முழுக்க மணி அடித்தது. அதை மணி என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊர் எருமை ஒன்று ஒரு தடவை ரயில் பாதையில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்று அடம் பிடித்தது, அப்போது எஞ்சின்காரர் விடாமல் அடித்தாரே ஒரு ஊதல், அந்த மாதிரி. அந்த எருமை கடைசிவரை எழவே இல்லை, எஞ்சின்காரர்தான் இறங்கி வந்து கெஞ்சினார். அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஜனம் ஓடியது. கல்யாணப் பெண்ணின் சித்தி படியில் சறுக்கிக் கால் பிசகிவிட்டது. விரித்த பட்டெல்லாம் மிதிபட்டது. நான் உடனே கீழே ஓடினேன். வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது காவல்காரன் வேலை அல்லவா, அதற்காக ஓடினேன்.

மேனேஜர் கிருபாகரன் சார் சென்னைக்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. என் ஸ்டூல் பக்கத்தில் சுவரில் இருக்கிற பெரிய பெட்டியில் 'மூன்றாம் மாடி' என்று விளக்கு எரிவதை அவர்தான் பார்த்தார். இல்லை, அந்தப் பெரிய பெட்டி கீழ்த்தளத்தில் பாபநாசத்தின் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. பாபநாசம் வாசல் காவல். மாற்றி எழுதிவிட்டேன். மேனேஜர் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், சத்தம் நின்றது, விளக்கு அணையவில்லை. மேலே ஏறி வந்தார். நான் அவர் பின்னால் வந்தேன்.

ஆவுடையம்மாள் அதே இடத்தில் தட்டோடு நின்றாள். பிடி என்று சொன்னேன் அல்லவா, பிடித்துக்கொண்டே நின்றாள். தளத்தில் வேறு ஆளே இல்லை.

"யாரும்மா இதுல பொட்டு வச்சது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

"நான் வைக்கல சார்."

"தட்டு உன் கையில. பொட்டு அங்க. அப்போ பெட்டி தானா வச்சுக்கிச்சா?"

"நான் வைக்கல சார்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குனிந்து, மிதிபட்ட பட்டை எடுத்து மடிக்கத் தொடங்கினேன், அதுவும் காவல்காரன் வேலைதானே.

புரட்டாசி 28, திங்கள்

பெட்டி மாட்டிய கம்பெனியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்தது. முதுகில் பை, கையில் ஏணி. நல்ல துடியான பிள்ளை. விசாரணையை அது வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கடை திறக்கும் முன்னால் எங்கள் தளத்து ஆட்கள் எல்லாரையும் படிக்கட்டுப் பக்கம் நிறுத்தினார்கள். பாபநாசமும் வந்து நின்றான்.

"மேல கூரையில வட்டமா இருக்குல்ல, அது புகை வந்தாத் தானா அடிக்கும்" என்று ஜெசிந்தா காட்டியது. "ஆனா புகை அங்க ஏறிப் போறதுக்கு நேரமாகும். அதுக்கு முன்னாடியே மனுசன் கண்ணு பாத்துரும், மூக்கு மோந்துரும். பாத்தவங்க சொல்றதுக்குத்தான் இந்தச் சிவப்புப் பெட்டி. அதனாலதான் ஓடுற வழியில, படிக்கட்டு வாசல்ல வைக்கிறோம். போறபோக்குல அமுக்கிட்டுப் போகலாம்."

"அமுக்கினா உள்ள என்ன ஆவும்?" என்று பில் போடுகிற பெண் கேட்டது.

"வீட்டு சுவிட்சு மாதிரிதான். இந்தத் தகடு உள்ள ஒரு சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. தகடு விழுந்தா சுவிட்சு விட்டுரும், கீழ இருக்கிற பேனலுக்குத் தெரிஞ்சுரும், பேனல் மணி அடிச்சுரும். முன்னாடி இதுல கண்ணாடி இருந்துச்சு, உடைக்கணும். இப்ப பிளாஸ்டிக்கு. திருப்பி மாட்டிக்கலாம்."

சின்னச் சாவி ஒன்றை எடுத்துப் பெட்டியின் அடியில் விட்டுத் திருகியது. தகடு டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது, மஞ்சள் கோடு மறைந்தது.

"கீழ எத்தனை தடவை நிப்பாட்டினாலும், அமுக்கின இடத்துக்கு வந்து இப்படிச் சாவி போட்டுச் சரிபண்ணாத வரைக்கும் பேனல் விளக்கு அணையாது. யார் அமுக்கினாலும் நம்பிரும். ஏன் அமுக்கினன்னு கேக்காது. அது நம்ம வேலை."

"கேக்கத்தான் கூப்பிட்டிருக்கேன்" என்றார் மேனேஜர். "கை பட்டாலே அடிச்சிருமா இது?"

"இல்ல சார். துடைக்கும்போது துணி பட்டா அடிக்காது. சும்மா தொட்டாலும் அடிக்காது. நல்லா அமுக்கணும்." தகட்டில் காய்ந்திருந்த குங்குமத்தை உற்றுப் பார்த்தது. "இங்க பாருங்க, எவ்வளவு அகலமா பதிஞ்சிருக்கு! பெருவிரலு. சோடா உடைக்கிற மாதிரில்ல அமுக்கியிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாபநாசம், "அப்ப நம்ம கடையில சோடாக் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரே" என்றான். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைச் சட்டைப்பையில் விட்டேன், பீடி இருக்கிறதா என்று பார்க்க.

ஜெசிந்தா ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தது. சுத்தமாகப் போய்விட்டது. ஒரு தடமும் இல்லை. எல்லா மாடியிலும் பெட்டிக்கு மேலே, மூடித் திறக்கிற மாதிரி கண்ணாடிபோல ஒரு மூடியும் போட்டுவிட்டுப் போனது.

புரட்டாசி 29, செவ்வாய்

பாபநாசம் மனைவிக்குச் சளி. என் வீட்டில் துவரம்பருப்பு வேகவில்லை, பருப்பு பழசு. வேறு விசேஷம் இல்லை.

புரட்டாசி 30, புதன்

ஆவுடையம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் சீருடையைக் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கி வந்தாள். நான் ஸ்டூலில் இருந்து எழுந்தேன்.

"இப்ப எங்க போவ ஆவுடை?"

"எங்க போவேன், நாங்குநேரிக்குத்தான். தம்பி வீட்டுக்கு. மக இங்க பாலிடெக்னிக்கு முடிக்கிற வரைக்கும் வாடகை ரூம்ல இருக்கலாம்னு பாத்தேன். தம்பி பொண்டாட்டி நான் கால வச்சா அரிசிப் பானைய மூடுவா."

"நான் மேனேஜர்ட்டப் பேசிப் பாக்கேன். மனுசன் நல்லவருதான்."

"பேசிப் பாக்க என்ன அண்ணே இருக்கு? ரெண்டு வார்த்ததான்."

நான் குடை எடுத்திருக்கிறாளா என்று கேட்டேன். வானம் மூடியிருந்தது.

"நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எதச் சொல்ல? தாலி அறுத்தவ, நான் குங்குமத்துல கை வைக்கமாட்டேன்னு கடை நடுவுல நின்னு அத்தன பேருக்கும் கத்திச் சொல்லணுமா? அதக் கேட்டா அந்தச் சென்னைக்காரருக்கு வெளங்கும். ஆனா அதச் சொல்லிப் பொழைக்க எனக்கு மனசு வரல. இன்னொருத்தர் பேரச் சொல்லவும் மனசு வரல. சொல்லவேண்டியவுக சொல்லட்டும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். மழை வரவில்லை. அவளிடம் குடையும் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் குடும்பம் இருக்கிறது. இந்த வயசில் வேறு எந்தக் கடையில் ஸ்டூல் போடுவார்கள்? மேனேஜர் கேட்டது 'யாரம்மா' என்றுதான். 'யாரய்யா' என்று கேட்டிருந்தால் நான் பேசியிருப்பேன்.

ஐப்பசி 3, ஞாயிறு

கூட்டமோ கூட்டம். படியில் ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் நடுவே கயிறு கட்டியிருக்கிறோம். ஒரு அம்மாள் குழந்தையை என் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுச் சேலை பார்க்கப் போய்விட்டாள், வரும்வரை நான் நின்றேன்.

பாபநாசத்துக்கு எருமைக் கதை சொன்னேன். செல்போனைத் தடவிக்கொண்டே கேட்டான். எஞ்சின்காரர் இறங்குகிற இடத்தில் நிறுத்தினேன், உம்முக்காக. அவன், "அண்ணே, இது பாதிதானே?" என்றான். "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாடிக்குப் புதுசாக ஒரு பெண் வந்திருக்கிறது. நன்றாகத்தான் துடைக்கிறது. சிவப்புப் பெட்டிப் பக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. அங்கே ஓரமாக ஒட்டடை கட்டிவிட்டது.

ஐப்பசி 9, சனி

உங்களுக்கு இன்று ஒரு பெரிய சங்கதி. முதலில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

இரண்டாம் மாடியில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிற மூலை உண்டு. அங்கே தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டு அளவு எடுக்கப் போய்விட்டார். நான் மதியச் சாப்பாடு முடித்துப் படி ஏறி வந்துகொண்டிருந்தேன். முதலில் மணம்தான் வந்தது. தலைமுடி கருகுகிற மாதிரி. பிறகு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து புகை, கீழ்ப்பக்கமாகவே, வயிற்றை இழுத்துக்கொண்டு போகிற பாம்பு மாதிரி. கூரை உயரத்தில் இருக்கிறது, அங்கிருக்கிற வட்டத்துக்கு இது போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது. கடையில் யாரும் பார்க்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டம், எல்லாருக்கும் கண் சேலையில்.

இரண்டாம் மாடிப் படிவாசலிலும் அதே சிவப்புப் பெட்டி. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். விரலை வைத்தேன்.

அமுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு சோடா உடைக்கிற நேரம் இருக்கும். யார் அமுக்கியது என்று கேட்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. தீ அப்புறம்தான் தோன்றியது. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "அம்மா, நாறுது" என்றது. அதைக் கேட்டதும் அமுக்கினேன்.

இந்தத் தடவை ஜனம் ஒழுங்காக இறங்கியது. கயிறு கட்டியது நல்லதாகப் போயிற்று. தையல்காரரும் பாபநாசமும் சிவப்பு உருளையைப் பீச்சி அணைத்தார்கள். ஒரு திரையும் கொஞ்சம் துணியும்தான் சேதம். மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்து, "யார் அமுக்கினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை!

ஐப்பசி 11, திங்கள்

காலையில் கீழ்த்தளத்தில் எல்லாரையும் கூட்டி எனக்குப் பொன்னாடை போட்டார்கள். கடைப் பொன்னாடைதான், ஓரத்தில் விலைச்சீட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். முதலாளி தன் கையால் போர்த்தினார். மேனேஜர் பேசினார்.

"அன்னைக்கு ஒருத்தங்க கவனமில்லாம அமுக்கினாங்க, கஷ்டம் வந்தது. இன்னைக்கு சங்கிலி பொறுப்பா அமுக்கினாரு, எல்லாரும் தப்பிச்சோம். அதே மாதிரிப் பெட்டிதான். அமுக்கிற கைதான் வேற."

கைதட்டினார்கள். எனக்கு ஆடைக்குள் வேர்த்தது.

முதலாளி என் தோளைத் தட்டி, "ஒனக்கு என்னவே வேணும், கேளு" என்றார்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று தோன்றியது. கைகூப்பிக்கொண்டு சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம் முதலாளி. அந்த ஆவுடையம்மா பாவம். ஏதோ தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சு வேலைக்கு எடுத்துக்கிடுங்க."

முதல் கைதட்டலைவிட இது பெரிது. பில் போடுகிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. முதலாளி, "பாத்தியளா, இதுதான் மனுசன்" என்றார். அங்கேயே மேனேஜரை ஆவுடையம்மாளுக்குப் போன் போடச் சொன்னார். எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார்கள்.

"ஆவுடையம்மா, கிருபாகரன் பேசுறேன். நல்ல சேதி. உங்களை மன்னிச்சாச்சு. சங்கிலிதான் உங்களுக்காகக் கேட்டாரு. நாளைக்கே வந்துருங்க."

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு அவள் குரல்.

"மன்னிக்க நான் என்ன சார் செஞ்சேன்?"

"விடுங்கம்மா, பழச ஏன் பேசிக்கிட்டு?"

"பழசு இல்ல சார். மன்னிப்ப வாங்கிட்டு வந்து வாளியத் தூக்கினா, செஞ்சவன்னு ஆயிரும். அப்புறம் எங்க போனாலும் அந்தப் பேருதான் கூட வரும். எம்மவகூடக் கேட்டுட்டா, நீ எதுக்கும்மா அத அமுக்குனன்னு. மன்னிச்சோம்னு சொன்னா நான் வரமாட்டேன். நீ செய்யலன்னு அத்தன பேருக்கும் முன்னாடி சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல ஏறுதேன்."

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி போனைப் பார்த்தார்.

"சங்கிலி அண்ணன் அங்கதான இருக்காக?" என்று கேட்டாள். "நான் சொல்லுறது கேக்குதான்னு கேளுங்க. கேட்டா ஒரு உம் குடுக்கச் சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொன்னாடை கழுத்தை அறுத்தது.

"உம்" என்றேன்.

"அது போதும்" என்றாள். போன் நின்றுவிட்டது.

"திமிரப் பாத்தீங்களா சார்" என்றார் மேனேஜர். முதலாளி உள்ளே போனார். பாபநாசம் மட்டும் என் பக்கத்தில் வந்து, என் வலது கையைத் தூக்கிப் பெருவிரலைப் பார்த்தான். பிறகு மெதுவாக விட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போனான். கேலி எதுவும் பேசவில்லை. அவன் கேலி பேசாத நாள் எனக்கு நினைவில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்

முதலாளி அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருக்கிறேன். விலைச்சீட்டு இன்னும் அதில்தான் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்தேன். முதலில் கோலி சோடாவில் இருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன், கயத்தாறு, அந்த டிரைவர், விரல், அப்படியே வந்து பெட்டியில் சேர்ந்துவிடலாம். பிறகு தகடு வழுக்கியதில் இருந்து. பிறகு, அவளைத் தட்டுப் பிடிக்கச் சொன்ன என் பெரிய மனசில் இருந்து. எல்லாம் நல்ல தொடக்கம்தான். எதில் தொடங்கினாலும் அந்த இடம் வரும்போது நான் எருமைப் பக்கம் திரும்பிவிடுகிறேன். உங்களிடமும் அப்படித்தான் திரும்பினேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். மரியாதைக்குப் பேசாமல் இருந்திருப்பீர்கள்.

மேனேஜர் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் வசவோடு போயிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறி, இப்போது இந்த ஆடையும் சேர்ந்துகொண்டது. என்னை வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பட்டும். அவள் மகள் கேட்டாளாம், நீ எதுக்கும்மா அமுக்கினாய் என்று. அதுதான் ராத்திரி எல்லாம் காதில்.

கீழே கார் வந்து நிற்கிறது. செருப்புச் சத்தம் படி ஏறி, என்னைத் தாண்டி அறைக்குள் போகிறது. பாபநாசம் எட்டிப் பார்க்கிறான்.

"சங்கிலி அண்ணே, முதலாளி வந்துட்டாக. கூப்பிடுதாக."

வாரேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்ச் சுற்றி வளைக்காமல் இருக்க இங்கே ஒரு தடவை நேராக எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி, ஆவுடையம்மாள் தட்டைத்தான் பிடித்தாள். அதுவும் நான் சொல்லித்தான் பிடித்தாள். அவள் குங்குமத்தைத் தொடவே இல்லை.

"அண்ணே, அவுக நிக்காக! என்னத்த எழுதிக்கிட்டுக் கெடக்கிய?"

இதோ. ஒரு வரிதான். அன்றைக்கு அந்தப் பெட்டியில் பொட்டு வைத்தது, பெருவிரலால் அமுக்கியது, நா